கையெழுத்து அவளுடையது, கணவனுடையது அல்ல! கருக்கலைப்பு படிவத்தில் இல்லாத விஷயங்கள்

கருவைக் கலைக்க ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். "இங்கே ஒரு கையெழுத்து போடும்மா" என்கிறார்கள். போடுகிறாள். அடுத்த கேள்வி: "வீட்டுக்காரர் வந்திருக்காரா? அவரையும் கூப்பிடு."

இரண்டிலுமே கோளாறு இருக்கிறது.

முதல் கையெழுத்து சட்டப்படி வேண்டும். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் அவளுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். கூட்டத்திலும் அவசரத்திலும் அதுதான் விட்டுப்போகிறது. இரண்டாவது கையெழுத்து சட்டத்தில் கிடையவே கிடையாது. அதை மட்டும் மறக்காமல் கேட்கிறார்கள்!

"சி" படிவம்

அந்தத் தாளுக்கு "சி" படிவம் என்று பெயர். பார்லிமெண்டில் 1971-ம் ஆண்டு நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது கருக்கலைப்பு சட்டம். அந்தச் சட்டத்தின் விதிகளோடு சேர்ந்த தாள் இது.

பெயர், இன்னாருடைய மகள் அல்லது மனைவி, வயது, விலாசம், எந்த ஆஸ்பத்திரியில் கலைக்கப் போகிறார்கள், "சம்மதிக்கிறேன்" என்று ஒரு வாசகம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான்.

மாத்திரையா, ஆபரேஷனா? என்ன ஆபத்து வரலாம்? வந்தால் யாரிடம் ஓடுவது? ஒரு வரி கூட இல்லை. "டாக்டர் எடுத்துச் சொன்னார், நான் புரிந்துகொண்டேன்" என்று எழுதக்கூட இடம் இல்லை. வாடகை வீட்டுக்குப் போடும் அக்ரிமெண்டில் இதைவிட அதிகமான ஷரத்துகள் இருக்கும்.

சட்டம் வந்த காலத்துக் கவலை வேறு. 1964-ல் மத்திய அரசாங்கம் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. எருக்கங்குச்சிக்கும் போலி வைத்தியத்துக்கும் பலியாகும் தாய்மார்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அன்றைய பிரச்சினை. டாக்டரிடம் வந்து சேர்ந்தால் போதும் என்ற கணக்கு. வந்து சேர்ந்தவளிடம் என்ன பேசுவது என்பது படிவத்தில் ஏறவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

படிவத்தில் இல்லாததை 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. வழக்கு கருக்கலைப்பு வழக்கு அல்ல. டெல்லியில் மாதவிலக்குத் தொல்லைக்காகப் போன 44 வயதுப் பெண்மணி, குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்தால் எல்லாம் போய்விட்டது!

தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். ஒரு பரிசோதனைக்கு வாங்கிய கையெழுத்து இன்னொரு ஆபரேஷனுக்கு ஆகாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் - இத்தனையும் நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம்.

கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். எங்கோ ஒருவருக்கு எப்போதோ வரக்கூடிய ஆபத்தை எல்லாம் சொல்லி நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. நியாயமான பேச்சு. ஆபத்தை மறைப்பதும் தப்பு, பூதம் காட்டுவதும் தப்பு.

உள்ளபடி ஆபத்து என்ன?

மூன்று மாதத்துக்குள், முறையாகப் படித்த டாக்டர், சுத்தமான இடத்தில் செய்தால் கருக்கலைப்பு ஆபத்து குறைந்த காரியம். நாள் போகப்போக ஆபத்து ஏறும். இதுதான் முதலில் சொல்ல வேண்டியது.

அதிக ரத்தப்போக்கு, கரு முழுவதும் வெளியேறாமல் மிச்சம் தங்கிவிடுவது, அதனால் சீழ் பிடித்துக் காய்ச்சல் - இவைதான் கவனிக்க வேண்டியவை. ஆயுதம் பட்டுக் கர்ப்பப்பையில் துளை விழுவது அபூர்வம்; ஆனால் கைதேறாத ஆளிடம் போனால் அபூர்வமாக இருக்காது. ஏற்கனவே சோகை பிடித்த உடம்புக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆட்டம் கண்டுவிடும்.

"இனிமே குழந்தையே பொறக்காதாமே?" - இது எல்லோருக்கும் உள்ள பயம். சிக்கல் இல்லாமல் முடிந்த கருக்கலைப்பால் மலட்டுத்தன்மை வராது. சீழ் பிடித்து வைத்தியம் பார்க்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். கூரான கருவியால் சுரண்டுவதை விட்டு, உறிஞ்சி எடுக்கும் முறைக்கு வாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் டாக்டர்களுக்குச் சொல்லி வருகிறது. எந்த முறை என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கிளம்பிய பயம்

"கலைச்சா மார்பில் புற்று வருமாம்" என்ற பேச்சும் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்காகச் சட்டமே போட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 2003-ல் வந்த சட்டத்தின்படி, கலைக்க வரும் பெண்ணுக்கு 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டிய விஷயங்களில் மார்புப் புற்று அபாயமும் சேர்ந்துகொண்டது. "விஷயம் தெரிந்து முடிவு செய்யட்டும்" என்றது ஒரு கட்சி. "விஷயமா, மிரட்டலா?" என்றது மறு கட்சி.

ஆராய்ச்சி என்ன சொன்னது? டென்மார்க்கில் 15 லட்சம் பெண்களின் பதிவேடுகளைப் புரட்டி 1997-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கருக்கலைப்பால் மார்புப் புற்று கூடவில்லை. 2004-ல் 16 நாடுகளின் 53 ஆராய்ச்சிகளை, 83 ஆயிரம் புற்றுநோயாளிகளின் விவரத்தோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

முந்தைய சில ஆராய்ச்சிகளில் சம்பந்தம் தெரிந்தது ஏன்? வியாதி வந்தவள் டாக்டர் கேட்டால் பழைய கதை ஒன்றையும் மறைக்க மாட்டாள். நல்ல உடம்போடு இருப்பவள் "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிடுவாள். கணக்கு அங்கேதான் சாய்ந்தது. சின்ன வயதில் முழுப் பிரசவம் ஆனவர்களுக்குப் பிற்காலத்தில் மார்புப் புற்று சற்றுக் குறைவு என்பது உண்மைதான். அதற்காக, கலைத்தால் புற்று வரும் என்று ஆகிவிடாது. டெக்சாஸிலோ 2022-ல் கருக்கலைப்புக்கே ஏறக்குறைய முழுத் தடை வந்துவிட்டது.

படிவமே பார்க்காதவர்கள்

ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் கதை இது. வராதவர்கள்தான் அதிகம்!

2015-ம் ஆண்டில் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கும் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டது. அதில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை விழுங்கி நடந்தவை. படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, சொல்வாரும் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. கணவனோ அண்ணியோ போய் வாங்கி வருகிறார்கள். அட்டைக்குள் இருக்கும் துண்டுச் சீட்டோ பொடி எழுத்து இங்கிலீஷில்!

மாத்திரை கெட்டது அல்ல. 9 வாரத்துக்குள், சரியான அளவில், சரியான இடைவெளியில் சாப்பிட்டால் நன்றாகவே வேலை செய்யும். நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் கரு முழுதாகப் போகாது. அவர்கள் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை பலிக்காது. ரத்தம் போகிறதே, கலைந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்தால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து. ஒரு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைச் சொல்லத்தான் டாக்டர் வேண்டும்.

30 லட்சம் கேட்ட கணவன்

இனி அந்த இரண்டாவது கையெழுத்து.

18 வயது நிரம்பிய, புத்தி சுவாதீனமுள்ள பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன், மாமியார், அப்பா யாரும் வேண்டாம். வடக்கே ஒரு கணவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "என்னைக் கேட்காமல் கலைத்துவிட்டாள்" என்று மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் 30 லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2011-ல் தள்ளியது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2017 அக்டோபரில் அங்கேயும் தள்ளுபடி!

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இதே உரிமைதான் என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. குடும்பத்தார் சம்மதம், கல்யாண அத்தாட்சி என்று சட்டத்தில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்றும் டாக்டர்களுக்குச் சொன்னது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் காப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் அந்தப் பெண்ணின் இஷ்டத்தை ஒதுக்க முடியாது. மைனர் மகளின் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டும் என்று ஒரு தகப்பனார் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தபோது, பெற்றுக்கொள்வேன் என்றாள் மகள். அவளைக் கட்டாயப்படுத்த கோர்ட்டு மறுத்துவிட்டது. இது தொண்ணூறுகளில் நடந்தது.

பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால், 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-வது பிரிவுப்படி ஆயுள் தண்டனை வரை போகும். கட்டாயப்படுத்தி அழைத்து வரும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"கருத்தடை ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் கலைப்போம்" என்று நிபந்தனை போடவும் சட்டத்தில் இடமில்லை. லூப் வேண்டுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்கலாம். கட்டாயம் கிடையாது. இன்னார் கலைத்துக்கொண்டார் என்று வெளியே சொன்னால் ஓராண்டு வரை ஜெயில் என்பது 2021 திருத்தத்தில் வந்தது. அதே திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேடுக்கு மேல் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்தோடு கழிவு, தாங்க முடியாத வயிற்று வலி, மயக்கம் - எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை சாப்பிட்டதை அங்கே மறைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கர்ப்பம் தரிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

எழும்பூர், கோஷா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரிகள் சட்டப்படியே கருக்கலைப்புக்கு அங்கீகாரம் உள்ள இடங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தகுதி இல்லாத ஆள் கலைத்தால் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுத்துப் போவது நல்லது. நெகட்டிவ் ரத்தம் என்றால் தனி ஊசி போட வேண்டியிருக்கலாம்.