சம்பளத்துக்குப் பதிலாக மனநிறைவா?

மீரா மகாதேவன் இந்தியில் நாவல் எழுதியவர். ஆனால் டெல்லி அவரை நினைவில் வைத்திருப்பது நாவலுக்காக அல்ல. 1969, காந்தி நூற்றாண்டு. ராஜ்காட் பக்கம் கண்காட்சிக்கான கட்டட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் தலையில் மண்ணும் செங்கல்லும் சுமக்க, அவர்களுடைய பிள்ளைகள் ஜல்லிக் குவியலுக்கும் சிமென்ட் தூசிக்கும் நடுவே கிடந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மீராவால் சும்மா போக முடியவில்லை. அங்கேயே ஒரு கூடாரம் போட்டு அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்தார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்ற அமைப்பு பிறந்தது அப்படித்தான். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே காப்பகம். வேலை முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடம். மீரா 1977-ல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. ‘வாசவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகள், மீனா சுவாமிநாதன். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று மட்டும் அவரை அறிமுகப்படுத்துவது பெரிய அநியாயம். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தவர், டெல்லிக்கு வந்து பள்ளிக்கூட டீச்சரானார்; பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டார். மொபைல் கிரெஷஸின் ஆரம்ப நாட்களில் அதோடு சேர்ந்துகொண்டார். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி அவர் தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கை அங்கன்வாடித் திட்டத்துக்கு வழிவகுத்தவற்றில் முக்கியமானது. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இன்று நாடு முழுக்க இருக்கிறது. பொருளாதாரம் படித்தவரை மழலைகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த வேலையில் அப்படி என்னதான் இருக்கிறது? டெல்லி மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மகளை நர்சரியில் விடப் போன இடத்தில், லீவில் போன டீச்சருக்குப் பதிலாக வர முடியுமா என்று கேட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று போனவர், கணக்குப் பிரிவுக்குத் திரும்பவே இல்லை. “டிசம்பர் குளிர்ல ஒருத்தன் வந்தான். வாயே திறக்க மாட்டான். வீட்ல போஜ்புரி பேசறவங்க. தினமும் ஸ்வெட்டர் பட்டனை நான்தான் போட்டு விடுவேன். நானே செய்றேன்னு தலையை ஆட்டிட்டு ஒருநாள் அவனே போட்டான். ஒவ்வொரு பட்டனுக்கும் நாக்கைத் துருத்திக்கிட்டு, கடைசி பட்டன் வரைக்கும். அப்புறம் கிளாஸ்ல இருக்கற மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் அவனே போட்டுவிட ஆரம்பிச்சான். அன்னிக்குத்தான் முதல் தடவையா ‘மேடம்’னு கூப்பிட்டான். இத்தனை வருஷம் கணக்கு டேலி ஆனப்ப எனக்கு இந்த மாதிரி இருந்ததே இல்லைங்க” என்றார்.

பட்டன் போடுவது படிப்பா என்று கேட்கலாம். படிப்புதான். விரல்களுக்கு வலு வந்த பிறகுதான் பென்சில். அதற்காகத்தான் மணி கோர்ப்பது, களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது எல்லாம். மூன்று வயதில் கையைப் பிடித்து ‘ஏ, பி, சி’ எழுத வைக்கும் டீச்சரை விட, எழுத வைக்காமல் காத்திருக்கத் தெரிந்தவர்தான் நல்ல டீச்சர். கட்டட இடத்துக் காப்பகத்தில் இது இன்னும் கடினம். பந்தேல்கண்டிலிருந்து வந்த பிள்ளை ஒரு மொழி, பீகார்ப் பிள்ளை இன்னொரு மொழி. கதை கேட்டுப் பழகி, பாட்டில் சேர்ந்து கை தட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலை அந்த இடம் காலி. தான் சொல்லிக்கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்த டீச்சருக்குத் தெரியவே தெரியாது. அதற்கு அடுத்த நாளும் வருகிறாரே, அவரைத்தான் நான் கும்பிடுவேன்.

என்னை உறுத்துவது, இந்த மனநிறைவையே காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது. மயூர் விஹார் பெண்மணிக்கு, அதே பள்ளியில் பிளஸ் டூ எடுப்பவர் வாங்குவதில் பாதிகூட இல்லை. ‘நீங்க விளையாடத்தானே வைக்கிறீங்க’ என்று சக ஆசிரியர்களே சொல்கிறார்களாம். அங்கன்வாடியில் வேலை செய்பவர் அரசு ஊழியரே அல்ல. மதிப்பூதியம் பெறும் தொண்டர். அதற்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை 2018-ல் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. அதற்கு மேல் மாநிலங்கள் போடுவதுதான். டெல்லியில் 2022-ன் தொடக்கத்தில், நடுங்கும் குளிரில், அங்கன்வாடிப் பெண்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். ஊழியருக்கு 12,720 ரூபாய் என்று உயர்ந்ததும் அந்த நாட்களில்தான். டெல்லியில் வாடகை என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் அளவு புரியும். அதே ஆண்டு ஏப்ரலில், அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு அன்பு போதும், பெரிய சம்பளத்துக்கு அரசிடம் பணம் எங்கே என்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடமும் அன்பை எதிர்பார்க்கிறோம். அதற்காக ஃபீஸைக் குறைப்பதில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தைத்தான் அடித்தளம் என்கிறது. அடித்தளம் போடுகிறவருக்கு மட்டும் கூலி குறைவு என்றால், நாளைக்கு இந்த வேலைக்கு யார் வருவார்கள்? வேறு வழியில்லாதவர்கள் வருவார்கள். வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பவர்கள் வருவார்கள். இந்த வேலையை உயிராக நினைக்கும் ஓர் ஏழைப் பெண், குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வேலைக்குப் போய்விடுவாள். இதுதான் என் பயம்.

குளிர்காலம் வந்தால் டெல்லியில் நர்சரி அட்மிஷன் பரபரப்பு ஆரம்பித்துவிடும். வீட்டிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, எத்தனை பாயிண்ட் தேறும் என்று பெற்றோர் கணக்குப் போடுவார்கள். ஏசி வகுப்பறை உண்டா, சிசிடிவி உண்டா என்றெல்லாம் பள்ளியில் கேட்பார்கள். இந்த முறை இன்னொன்றும் கேளுங்கள்: என் பிள்ளைக்கு வரப்போகும் டீச்சருக்கு மாதம் எவ்வளவு தருகிறீர்கள்?