இருதயப் பம்பும் சிறுநீரகமும்

தோட்டத்தில் நீர் இறைக்கும் பம்பு ஓய்ந்தால், லயத்துக் குழாய்கள் வறண்டுவிடும். மனித உடலின் நிலையும் அதுவே. இருதயம் என்னும் பம்பு, ஓய்வாக இருக்கும் வேளையிலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகின்றது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கின்றது. ரப்பர்ப் பாலைச் சல்லடையிலிட்டுத் தூசு நீக்குவதைப் போன்று, சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள கழிவுகளைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ஆகவே, இருதயம் தளர்ந்தால் சிறுநீரகமும் தளர்வது இயல்பு.

மருந்துகளால் தேறாத அளவுக்கு இருதயம் நலிந்த சிலருக்கு, டாக்டர்கள் இயந்திரப் பம்பு ஒன்றைப் பொருத்துகின்றனர். அது இருதயத்தின் இடப்புறக் கீழறையிலிருந்து இரத்தத்தை இழுத்து உடலெங்கும் செலுத்துகின்றது. வயிற்றுத் தோலின் வழியே வெளிவரும் கம்பி ஒன்று, அதனைப் பேட்டரியுடன் இணைக்கின்றது.

நம் நாட்டிற்கு இது புதிதன்று. கோலாலம்பூரில் 1992 ஆம் ஆண்டு தேசிய இருதயக் கழகம் தோன்றியது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இயந்திர இருதயத்தின் துணையால் உயிர் வாழ்ந்த 14 வயதுச் சிறுமிக்கு, 2007 ஆம் ஆண்டு அங்கு மாற்று இருதயம் பொருத்தப்பட்டது.

பம்பு பொருத்தியபின், போதிய இரத்தம் பெறும் சிறுநீரகங்கள் பலருக்கு முதற்சில வாரங்களில் தெளிவு பெறுகின்றன. ஆனால், அத்துடன் கவலை ஒழிந்தது என்று எண்ணுதல் தவறு. பின்னாளில் அவை மீண்டும் பழுதுபடக்கூடும். அதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை மூன்று:

1. பம்பு இடப்புறத்திற்கே உதவுகின்றது. வலப்புறம் தளர்ந்தால் இரத்தம் பின்னே தேங்கிச் சிறுநீரகங்களை அழுத்தும். கால் வீக்கம் இதன் அறிகுறியாகும்.

2. பம்பினுள் இரத்தம் உறைந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் சாயம் சிறுநீரகத்தைத் தாக்கும். அப்போது சிறுநீர் கறுந்தேநீர் நிறமாகும்.

3. கம்பி வெளிவரும் இடத்தில் கிருமி புகுந்து இரத்தத்தில் பரவினால், சிறுநீரகமும் கெடும்.

இவ்வறிகுறிகளுள் எது தோன்றினும், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். பம்பு பொருத்தியவர் பலரிடம் நாடித்துடிப்பு புலப்படாது. எனவே, பம்பைப் பற்றிய மருத்துவக் குறிப்பையும் தவறாது உடன் கொண்டு செல்க.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பால்வெட்டு முடிந்து வந்ததும், உடல் வலிக்கெனக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் பலரிடம் காணப்படுகின்றது. அத்தகைய வலி மாத்திரைகளுள் பல, சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. பம்பு பொருத்தியவரோ இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர். அவர் இம்மாத்திரைகளை உண்டால், குடலில் இரத்தக் கசிவும் நேரிடலாம். நாட்டு மருந்தாயினும் டாக்டரைக் கேளாது கொடுத்தல் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். குடிக்கும் நீரின் அளவை டாக்டர் சொன்னபடியே கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் முற்றும் பழுதுபட்டால், இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை தேவைப்படும். பம்புடன் வாழ்பவர்க்கு அது மேலும் கடினமானது. இருதயமும் சிறுநீரகமும் கெடுவதற்குப் பெருங்காரணங்கள் இரத்தக் கொதிப்பும் நீரிழிவுமே. இவ்விரண்டையும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சோதித்தறியலாம். பம்பு தேவைப்படும் நிலை வருமுன்னரே, நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அங்குச் சென்று சோதித்துக்கொள்வது குடும்பத்திற்குச் செய்யும் கடமையாகும்.