அத்தையின் கணக்கு நோட்டு

அத்தை பிறந்தது 1957-இல், திருத்தணியில். பிறப்புச் சான்றிதழில் சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம் என்று இருக்கும். ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் பள்ளிச் சான்றிதழில் செங்கல்பட்டு மாவட்டம். இன்றைக்கு அதே தெரு திருவள்ளூர் மாவட்டம். முப்பது வருஷம் நியூஜெர்சியில் நர்ஸ் வேலை பார்த்து அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்ட அத்தை, இப்போது இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோடு பிறந்த ஊரிலேயே வாடகைக்குக் குடிவந்திருக்கிறார்.

வந்த அன்றே நீளமான நோட்டு ஒன்று வாங்கினார். இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் டாலர். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். எதிரே கால் டாலருக்கும் குறைவு. சென்னை சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர மின்சார ரயில். டிக்கெட்டுக்கு அரை டாலர்கூட ஆகவில்லை. வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. 2021-இல் வந்த அந்தச் சலுகைக்குப் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. கண்டக்டர் கிழித்துத் தந்த முதல் கட்டணமில்லாச் சீட்டை அத்தை நோட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். ரேஷன் அரிசி மட்டும் அவருக்கு இல்லை. அது குடிமக்களுக்கானது. அத்தை வெளிக்கடையில்தான் வாங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் இந்தச் சின்னச் செலவுகளைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நிஜச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் வெயில். கோடையில் வானிலை அறிக்கை வாசித்தால், வேலூரோடு சேர்ந்து திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்க ஏசி ஓடும் வீட்டில் அது சில நாளில் தீர்ந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். சித்திரையில் வந்த கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு, அத்தை மாலையில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் தெளிக்கப் பழகிவிட்டார்.

அடுத்தது உடம்பு. அங்கே ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த மெடிகேர், பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் இங்கேயும் வரும். மருத்துவக் காப்பீடு வராது. இந்தியாவில் புதிதாகப் பாலிசி எடுப்பதற்கு இருந்த 65 வயது வரம்பு 2024-இல் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆனாலும் அந்த வயதுக்குப் பிரீமியம் கனமாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். அந்த ஆண்டுகளுக்கென்று கையில் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளாமல் யாரும் கப்பல் ஏறி வரக்கூடாது என்பேன். செலவைக் குறைக்க வயல் வாங்கிக் கீரை போடலாம் என்ற ஆசையும் நடக்காது. ஓசிஐ வைத்திருப்பவர் வீடு வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் கொடுத்த முதல் மாதச் சம்பளத்தை அத்தை டாலரில் மாற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மறுமாதம் இரண்டு மடங்காகக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் வீட்டிலும் அதே அம்மாதான் வேலை செய்கிறார். "நீங்க குடுக்கறத நான் எப்படிம்மா குடுப்பேன்?" என்று அவர் கேட்டபோது கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. வீட்டு உரிமையாளரும் "அமெரிக்கப் பணம்" என்ற கணக்கில் வாடகையை உயர்த்தினார். அடுத்து அந்தத் தெருவுக்கு வரும் விசைத்தறித் தொழிலாளி குடும்பமும் அந்த வாடகையைத்தானே கொடுத்தாக வேண்டும்?

நமக்கு மலிவாகத் தெரிவதெல்லாம் இன்னொருவருடைய குறைந்த கூலி. 1990-இல் ஒரு டாலர் 17 ரூபாய்ச் சொச்சம். 2022-இல் 80-ஐத் தாண்டியது. அத்தையின் ஓய்வூதியத்துக்கு அது யோகம். முருகன் கோயில் மலையடிவாரத்தில் முழம் போட்டு மல்லி விற்கும் பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அத்தை கூலியை உயர்த்தியதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். வாத்தியார் வீட்டுக்கும் ஒரு வழி பிறந்தது. வேலை செய்யும் அம்மாவே அங்கே நேரத்தைக் குறைத்துக்கொண்டு பழைய சம்பளத்துக்குச் சம்மதித்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு நான் போயிருந்தேன். ஊர் முழுக்கப் புஷ்பக் காவடி, சரவணப் பொய்கையில் தெப்பம், விடுதிகளில் இடமே இல்லை. அத்தை வீட்டில் பதினாறு பேர். நகரியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் பாதியில் தீர்ந்து, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினோம். கோயிலின் 365 படியும் ஏறி இறங்கிய கால்வலியோடு ராத்திரி நோட்டைப் புரட்டினேன். நான் தங்கியிருந்த மூன்று நாளுக்கும் பக்கம் வெறுமையாக இருந்தது.

"எழுத மறந்துட்டீங்களா அத்தே?"

"சொந்தக்காரங்க சாப்பிட்டதுக்குக் கணக்கு எழுதுவாங்களாடா?" என்றார், அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டே.