ஓஹையோ நதியில் ஒரு காலைப்பொழுது
(சென்ற இதழ்த் தொடர்ச்சி)

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸனுக்கு, ஜனாதிபதி மாடிஸனின் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்த எட்வர்டு கோல்ஸ் என்ற இருபத்தேழு வயது இளைஞர் 1814-இல் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அடிமை முறையை ஒழிக்கத் தாங்களே முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்ற அந்த விண்ணப்பத்துக்கு, எழுபத்தோரு வயதான அப்பெரியவர், இது வாலிபர்களுக்குரிய காரியம், எனவே ஊரைவிட்டுப் போய்விடாதே என்று பதில் எழுதினார். தங்களினும் முதிர்ந்த வயதில் பிராங்க்ளின் உழைக்கவில்லையா என்று பணிவு குறையாமல் கேட்ட கோல்ஸ், தம் அடிமைகளை விடுவித்து வர்ஜீனியாவை விட்டுப் போகும் தீர்மானத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

விடுதலை பெற்ற அடிமை ஓராண்டுக்குள் ராஜ்யத்தை விட்டு வெளியேற வேண்டுமென்பது வர்ஜீனியாவின் சட்டம். ஆகவே, தகப்பனார் வைத்துப்போன நிலத்தை விற்றுவிட்டு, 1819-ஆம் வருஷ வசந்தத்தில், தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு அவர் இல்லினாய்க்குப் புறப்பட்டார். பிட்ஸ்பர்க்கைத் தாண்டி, ஒன்றோடொன்று பிணைத்த தட்டைப் படகுகள் ஓஹையோ நதியின் நீரோட்டத்தில் மெல்ல மிதந்து செல்ல, ஏப்ரல் மாதத்துக் காலை வெயிலில் எல்லாரையும் ஒன்றுகூட்டி, இந்தக் கணம் முதல் நீங்கள் என்னைப் போலவே சுதந்திரமானவர்கள் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அவர்கள் அவரையும் ஒருவரையொருவரும் மாறிமாறிப் பார்த்தார்கள். நெடுநேரம் ஒருவருக்கும் வாய் எழவில்லை. பிறகு அழுகையும் சிரிப்பும் கலந்து வெடித்தன. தாங்கள் குடியேறி நிலைபெறும்வரை கூட இருந்து ஊழியம் செய்கிறோம் என்றவர்களுக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதற்கு மேலும், குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் தருவதாக அறிவித்தார்.

மூன்றே ஆண்டுகளில் அவர் இல்லினாயின் இரண்டாவது கவர்னரானார். அடிமை முறையை ஆதரித்த இருவர் எதிரெதிரே நின்று வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டதால், 2,854 வாக்குகள், அதாவது மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு மட்டுமே பெற்று, 167 வாக்கு வித்தியாசத்தில் கிடைத்த வெற்றி அது. இத்தனை பலவீனமான ஆதரவோடு பதவியேற்ற மனிதர் முதற்பேச்சிலேயே, பழைய பிரெஞ்சுக் குடிகளிடம் எஞ்சியிருந்த அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும் என்றும், கறுப்பர்களை ஒடுக்கும் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றும் கேட்டதை, அவர் நதியில் செய்த தியாகத்துக்கும் மேலான தீரச்செயல் என்றே நான் மதிக்கிறேன்.

சட்டசபை வெகுண்டது. அடிமை முறைக்கு இடங்கொடுக்கும் புதிய அரசியல் சாசனத்தை வகுக்க மகாநாடு கூட்டும் தீர்மானத்துக்கு ஒரே ஒரு வாக்குக் குறையவே, எதிர்த்து வாக்களித்த ஹான்ஸன் என்ற அங்கத்தினரின் தேர்தல் வழக்கை, முன்பே அவருக்குச் சாதகமாகத் தீர்ந்திருந்தும், மறுபடி கிளப்பி, அவரை நீக்கி, ஷா என்பவரை அவருடைய ஆசனத்தில் அமர்த்தித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அன்றிரவே, அப்போதைய தலைநகரான வண்டேலியாவில் தீவட்டிகளோடு திரண்ட கும்பல் ஹான்ஸனின் கொடும்பாவியைக் கொளுத்திவிட்டு, கவர்னர் வாசலில் நின்று ஊளையிட்டது.

இனி முடிவு ஜனங்களுடையது. பதினெட்டு மாதங்கள் கோல்ஸ் ஓயவில்லை. நான்கு வருஷத்துச் சம்பளமான 4,000 டாலரையும் இந்தப் பணிக்கே அர்ப்பணித்தார். ஒரு பத்திரிகையை வாங்கினார். பிலடெல்பியா நண்பர்களிடமிருந்து துண்டுப் பிரசுரங்களைத் தருவித்தார். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய மாரிஸ் பர்க்பெக் புனைபெயரில் கடிதங்கள் எழுதித் தோள்கொடுத்தார். 1824 ஆகஸ்டு 2-ஆம் தேதி, மகாநாட்டுக்கு ஆதரவாக 4,972 பேரும் எதிராக 6,640 பேரும் வாக்களித்தனர்.

விரோதிகளோ விடவில்லை. விடுவித்த ஒவ்வொருவருக்கும் ஜாமீன் கட்டவில்லை என்று வழக்குத் தொடுத்து 2,000 டாலர் அபராதம் விதிக்கச் செய்தனர். 1826-இல் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1831-இல் காங்கிரஸுக்குப் போட்டியிட்டுத் தோற்றபின் கோல்ஸ் பிலடெல்பியாவில் குடியேறி, 1833-இல் விவாகம் செய்துகொண்டு, பதவி எதுவும் நாடாமல் வாழ்ந்தார்.

உள்நாட்டு யுத்தத்தில், 1862 பிப்ரவரியில், ரோனோக் தீவுப் போரில் அவருடைய மகன் ஒருவன் மாண்டான். அவன் போரிட்டது அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டுச் சேனையில். மூன்றாண்டுகள் கழித்து அடிமை முறை தேசமெங்கும் ஒழிந்ததையும் பார்த்துவிட்டு, 1868 ஜூலை 7-ஆம் தேதி எட்வர்டு கோல்ஸ் காலமானார்.

(தொடரும்)