காமிராவும் கற்கும் கண்ணும்

கையெழுத்துப் பழகும் பிள்ளை முதலில் ஆசிரியர் இட்ட எழுத்தின்மேலேயே எழுதுகோலை ஓட்டுகிறது. பின்னர் அதைப் பார்த்து எழுதுகிறது. ஆண்டுகள் சில சென்றபின், வேறு எவருடையதும் அல்லாத ஒரு கையெழுத்து அதற்கு அமைந்துவிடுகிறது. இடையில் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்ததன் பயன் அது. புகைப்படக் கலை பயிலும் மாணவர்க்கும் இதுவே நெறியாகுமா? பல பொருள்களைப் பல முறைகளில் படம்பிடித்துப் பார்ப்பது கல்வியா, அன்றி வீண் பொழுதுபோக்கா? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

ஹோமாய் வியாரவாலா என்னும் பெயரை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர் அவர். 1913-ஆம் ஆண்டில் குஜராத்தைச் சேர்ந்த நவ்சாரியில், ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுவொன்றில் நடிகர். பம்பாயில் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்ற ஹோமாய், பின்னாளில் தம் கணவரான மானெக்‌ஷாவிடம் காமிராவைக் கையாளும் முறையைக் கற்றுக்கொண்டார்.

காமிரா கைக்கு வந்ததும் அவர் அரிய காட்சிகளைத் தேடி அலையவில்லை. உடன் பயின்ற மாணவியரே அவருக்குப் பொருளாயினர். பம்பாய் நகரின் அன்றாட வாழ்வும் பொருளாயிற்று. மாணவியாக இருந்தபோதே, உல்லாசப் பயணம் ஒன்றைப் படம்பிடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அப்படங்கள் நாளிதழில் வெளிவந்தன. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதை நோக்குக. தோழியின் முகத்தைப் படம்பிடிக்க அமைதியான ஒளியும் பொறுமையும் வேண்டும். கூடிக் களிக்கும் குழுவைப் பிடிக்க விரைவு வேண்டும். தெருக்காட்சிக்கோ, அடுத்து நிகழவிருப்பதை முன்கூட்டியே உணரும் விழிப்பு வேண்டும்.

1942-இல் அவர் டில்லிக்குச் சென்றார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் நம் கொடி ஏறிய காட்சியையும், நாட்டுத் தலைவர்கள் பலரையும் படம்பிடித்தார். அங்கே ஒரே நாளில் முகமும் கூட்டமும் நிகழ்ச்சியும் சேர்ந்தே எதிர்ப்படும். மாணவப் பருவத்தில் தனித்தனியே பழகிய பயிற்சிகள் அன்று கைகொடுத்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

இனி, முறைகளை மாற்றிப் பார்ப்பது எவ்வாறு கல்வியாகிறது என்பதைக் காண்போம். காமிராவினுள் புகும் ஒளியை இரண்டு வாயில்கள் ஆளுகின்றன. ஒன்று லென்ஸின் துளை. மற்றொன்று ஷட்டர் திறந்திருக்கும் காலம். துளையைக் குறிக்கும் எண் சிறிதானால் துளை பெரிது. 2.8 என்னும் நிலையில் நுழையும் ஒளி, 16 என்னும் நிலையில் நுழைவதைப் போல் ஏறத்தாழ 32 மடங்கு. அவ்வாறே, 1/15 விநாடியில் புகும் ஒளி 1/500 விநாடியில் புகுவதைப் போல் ஏறத்தாழ 32 மடங்கு. ஆகவே 2.8-உடன் 1/500 சேர்ந்தாலும், 16-உடன் 1/15 சேர்ந்தாலும் உள்ளே விழும் ஒளி கிட்டத்தட்ட ஒன்றே.

ஒளி ஒன்றாயினும் படங்கள் ஒன்றாகா. கடற்கரையில் நிற்பதாகக் கொள்ளுங்கள். முதல் முறையில், சிதறும் நீர்த்துளிகள் முத்துக்களைப் போல் அந்தரத்தில் நிற்கும். அருகிலுள்ள படகு தெளிவாகவும் தொலைவு மங்கலாகவும் தோன்றும். இரண்டாம் முறையில், காமிராவை முக்காலியில் இருத்தி எடுத்தால், அலை மெல்லிய துகில்போல் ஓடும்; படகும் அடிவானமும் தெளிவாய்த் தெரியும். இவற்றுள் எது சரி? அலையின் வேகத்தைச் சொல்ல வந்தவருக்கு ஒன்று. கடலின் பரப்பைச் சொல்ல வந்தவருக்கு மற்றொன்று. பாணி என்பது ஒப்பனையன்று. சொல்ல வந்த கருத்துக்குத் தக்க விடை. இதனை இரு விதமாகவும் எடுத்துப் பார்த்தவரே அறிவர்.

கைப்பேசியே உங்கள் காமிராவாயினும் குறையில்லை. அவற்றுள் பலவற்றில் துளை மாறாது. ஆயினும் நிற்கும் இடத்தையும், ஒளியின் திசையையும், வேளையையும் நீங்கள் மாற்றலாம். ஒரு மண்பானையைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஒளியில் அதன் சொரசொரப்பு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வயிற்றுப்பகுதி நிழலில் ஆழும். பின்னொளியில் கரிய வடிவம் மட்டுமே எஞ்சும். ஹோமாய் கையாண்ட ரோலைஃப்ளெக்ஸ் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படங்களே கிடைக்கும். நீங்களும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று வரையறுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எதற்காக எடுத்தீர்கள் என ஒரு வரி எழுதிவையுங்கள். நூறு படங்கள் கற்பிக்காததை அந்தப் பன்னிரண்டு கற்பிக்கும்.

கலைஞர் ஒருவரின் முறையைப் பின்பற்றிப் பார்ப்பதும் நன்றே. ஆனால் அங்கேயே குடியிருத்தல் ஆகாது. அதனினும் பெரிய இடர், நண்பர்களின் பாராட்டு. அந்தி வானப் படம் ஒன்று புகழ்பெற்றதும், ஆண்டு முழுவதும் அந்தி வானத்தையே எடுக்கும் மாணவரின் வளர்ச்சி அன்றோடு நின்றுவிடுகிறது. தோல்வியுற்ற படம் கற்பிப்பதைப் புகழ்பெற்ற படம் கற்பிப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. பொருளை மாற்றலாம், முறையை மாற்றலாம். மனிதரிடம் காட்டும் மதிப்பை மாற்றலாகாது. வறியவரின் துயரம் உங்கள் பயிற்சிக்குக் கருவியன்று. இசைவு கேளுங்கள், மறுத்தால் காமிராவைத் தாழ்த்துங்கள். ஹோமாய் 1970-இல் இத்தொழிலையே துறந்தார். புதிய தலைமுறைப் புகைப்படக்காரர்களின் முறையற்ற நடத்தை தம்மை வருத்தியதாக அவர் பின்னர்க் கூறியுள்ளார்.

தொடக்க நாட்களில், அறியப்படாத ஒரு பெண் என்பதால், அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. 2011-இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது; 2012-இல் அவர் மறைந்தார். பெயர் பிந்தி வந்தது. பார்வை முந்தியே வந்திருந்தது. மாணவர்களே, பெயரை நாடி அவசரப்பட வேண்டா. பலவற்றைப் பாருங்கள், பலவாறு பாருங்கள். உங்களுக்கே உரிய பார்வை, கையெழுத்தைப் போலவே, ஒரு நாள் அமைந்துவிடும்.