கோபம் ஏன் குமாஸ்தா மேல் பாய்ந்தது?

அம்பர்நாத்திலிருந்து லோக்கல் ரயிலில் பம்பாய் ஆபீஸ்களுக்குப் போய்வந்த தமிழ்க் குமாஸ்தாக்களுக்கு 1960-களில் விளங்காத கேள்வி ஒன்று இருந்தது: "நம் மேல் ஏன் இத்தனை கோபம்?"

டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கம்பெனி அதிகாரிகளில் தென்னிந்தியர் யார் யார் என்று "மார்மிக்" வாரப் பத்திரிகை பட்டியல் போட்டது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. "மதராஸிகள் நம் வேலையைப் பறித்துக்கொண்டார்கள்" என்பதே அன்றைய கோஷம்.

இந்தக் கோஷத்தைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உரைத்துப் பார்த்தனர். மேரி கட்ஸென்ஸ்டைன் எழுதிய நூல் 1979-லும், சமூகவியலாளர் திபங்கர் குப்தாவின் நூல் 1982-லும் வெளிவந்தன.

1961 ஜனத்தொகைக் கணக்குப்படி பம்பாயில் தென்னிந்தியரைவிடக் குஜராத்திகளே அதிகம். வியாபாரத்திலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. ஆயினும் கோபம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. காரணம் இதுதான்: குஜராத்தி முதலாளி வேலை கொடுப்பவர், தென்னிந்தியரோ அதே வேலைக்கு மனுப் போடுபவர். இங்கிலீஷும் டைப்பிங்கும் கற்ற தமிழரும், படித்துவிட்டு வேலையின்றி நின்ற மராத்தி இளைஞரும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்டனர். நாற்காலிகளோ குறைவு. பகை பாஷையால் மட்டும் வந்ததல்ல.

2008-ல் ரயில்வே தேர்வு எழுத மும்பை வந்த வட இந்திய இளைஞர்கள் தாக்கப்பட்டனர். அப்போதும் காரணம் வேலைப் போட்டிதான். இதைப் புரிந்துகொண்டால், புதிதாக வந்திறங்கும் பீகார்த் தொழிலாளியைப் பார்த்து நாமும் அதே கோஷத்தைப் போடமாட்டோம்.

"சரித்திரமும் சமூகவியலும் சோறு போடுமா?" என்று பிள்ளைகளைக் கேட்கும் பெற்றோர் உண்டு. சோறு எங்கே, ஏன் தட்டிப் பறிக்கப்படுகிறது என்பதை அந்தப் படிப்பு சொல்லித்தருகிறதே!