தேடுவோரின் சொல்லும் எழுதுவோரின் சொல்லும்

தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் விடைகள் வந்து நிற்பதால், அந்த நேரத்துக்குள் அது உலகத்து வலைத்தளங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அப்போது அது வலையைத் தேடுவதில்லை. முன்னரே படித்துத் தொகுத்து வைத்திருக்கும் ஓர் அடைவைத்தான் திறந்து பார்க்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், 'எஸ்.இ.ஓ.' என்று சுருக்கமாக வழங்கும் தேடுபொறி உகப்பாக்கம், அதாவது ஒரு வலைப்பக்கத்தைத் தேடுபொறி எளிதில் கண்டெடுக்கவும் சரியாகப் புரிந்துகொள்ளவும் தக்கவாறு அமைக்கும் பணி, பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

பழந்தமிழ் நூல்களின் ஆய்வுப் பதிப்புகள் சிலவற்றின் இறுதியில் அகரவரிசையில் சொல்லடைவு இருக்கும். 'வேங்கை' என்ற சொல் எந்தெந்தப் பாடல்களில், எத்தனையாவது அடியில் வருகிறது என்பதை, நூல் முழுவதையும் மீண்டும் படிக்காமலே ஆய்வாளர் அதைப் பார்த்து அறிந்துகொள்வார். நூலில் பாடலுக்குள் சொற்கள் இருக்க, அடைவில் சொல்லுக்குக் கீழே பாடல்கள் வந்து நிற்பதால், கணினி அறிவியலார் இத்தகைய அமைப்பைத் 'தலைகீழ் அடைவு' என்பர். தேடுபொறியின் அடைவும் அடிப்படையில் இதுவேதான். பாடல்களின் இடத்தில் பல்லாயிரம் கோடி வலைப்பக்கங்கள் இருக்கின்றன.

இந்த அடைவுக்கான பக்கங்களைத் திரட்டிவரும் நிரலுக்குக் 'கிராலர்' என்று பெயர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் தெருத் தெருவாகச் சென்று ஒவ்வொரு கதவையும் தட்டுவதைப் போல, கிராலர் ஒரு பக்கத்திலிருந்து அதிலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் செல்கிறது. எந்தத் தெருவும் சென்று சேராத வீட்டைக் கணக்கெடுப்பாளர் தவறவிடக்கூடும் என்பதுபோல, எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத பக்கத்தைக் கிராலரும் காணாமலே போகலாம். ஆகவே தளத்தின் பக்கங்களை ஒன்றோடொன்று இணைப்பதும், எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும் கொண்ட தளவரைபடக் கோப்பு ஒன்றை வைப்பதும் முதல் வேலைகளாகின்றன. எவ்விடத்துக்குள் வர வேண்டாம் என்று கிராலர்களுக்கு அறிவிக்கும் 'ரோபாட்ஸ்' கோப்பை 1994ஆம் ஆண்டில் மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்தார். அது வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையே தவிரப் பூட்டு அன்று. ஆயினும் பெரிய தேடுபொறிகள் அதை மதிக்கின்றன. தளத்தை உருவாக்கும் காலத்தில் எல்லாரையும் தடுத்து எழுதிய வரியைத் திறப்பு நாளில் நீக்க மறந்துவிட்டால், நல்ல தளமும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

அடைவில் இடம்பெற்ற பக்கங்களில் எதை முதலில் காட்டுவது என்பதே கடினமான கேள்வி. 'ஒரு', 'இந்த' போன்ற சொற்கள் எல்லாப் பக்கங்களிலும் வருவதால், அவை ஒரு பக்கத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவதில்லை. அரிதாக வரும் சொல்லே பக்கத்தின் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வுண்மையை ஒரு கணக்காக்கி, குறைந்த ஆவணங்களில் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை தரும் முறையை 1972இல் வகுத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அறிஞர். தேடுபொறித் துறையில் இவருடைய பெயர் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும். சொல்லின் அருமையோடு அது நிற்கும் இடமும் கணக்கில் வருகிறது. பக்கத்தின் தலைப்பில் வரும் சொல், பத்தியின் நடுவே வரும் சொல்லைவிடத் தெளிவான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

இதன் விளைவு தமிழில் எவ்வாறு அமைகிறது என்பதைக் காட்ட ஒரு பயிர் போதும். நிலக்கடலையின் இலைகளில் பூஞ்சையால் கரும்புள்ளிகள் தோன்றும் நோயை வேளாண் துறையினர் 'டிக்கா இலைப்புள்ளி நோய்' என்பர். அந்நோயை விளக்கும் பக்கத்துக்கு 'வேளாண் தகவல்கள்' என்று தலைப்பிட்டால், அதே தலைப்பைத் தாங்கிய எண்ணற்ற பக்கங்களுக்கிடையே அது கரைந்துவிடும். 'நிலக்கடலை இலையில் கரும்புள்ளி: டிக்கா நோயும் தடுக்கும் முறையும்' என்றிட்டால், தேடுபொறிக்கும் உழவருக்கும் ஒருசேர விளங்கும். ஆனால் சிக்கல் அத்துடன் தீர்வதில்லை. நூல்கள் நிலக்கடலை என்று எழுதுவதை ஊர்கள் பலவற்றில் வேர்க்கடலை என்கின்றனர், விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களில் அது மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பாரும் உண்டு, இலங்கையில் கச்சான். உழவர் தம் வாயில் வழங்கும் சொல்லைத்தான் தேடுபெட்டியில் இடுவார். எழுதுவோர் தமக்குப் பழகிய ஒரு சொல்லை மட்டும் ஆண்டால், மற்றச் சொற்களால் தேடுவோர்க்கு அந்தப் பக்கம் எட்டாமற்போக வாய்ப்புண்டு. சொற்பொருளை அறியும் நிரல்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன என்றாலும், முதற்பத்தியிலேயே இயல்பாக இப்பெயர்களைச் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பானது. வாசகர் எச்சொல்லால் தேடுவார் என்று முன்கூட்டி ஆராயும் இவ்வேலைக்குத் தேடுசொல் ஆய்வு என்று பெயர். வட்டார வழக்கு அகராதியைத் தொகுப்பவருக்குரிய பொறுமை இதற்கும் வேண்டும்.

ஒரே பொருளைப் பற்றி ஒரே சொற்களால் எழுதிய ஆயிரம் பக்கங்கள் இருக்கும்போது, எது நம்பத்தக்கது என்பதைச் சொற்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதற்குக் கண்ட வழியே 1998இல் கூகுள் நிறுவனமாயிற்று. ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கும் கல்வியுலக வழக்கத்தை அவர்கள் இணைப்புகளுக்குப் பொருத்தினர். 'பேஜ்ரேங்க்' எனப்படும் இம்முறையைத் திருமணத்துக்குச் சமையற்காரரைத் தேடும் வீட்டாரின் நிலையோடு ஒப்பிடலாம். எத்தனை பேர் ஒருவரைப் பரிந்துரைக்கின்றனர் என்பதோடு, பரிந்துரைப்பவர் யார் என்பதையும் அவ்வீட்டார் பார்ப்பர். பல பந்திகளைக் கண்ட மூத்த உறவினரின் ஒரு சொல், போகிறபோக்கில் சொல்வோர் பலரின் சொல்லைவிடக் கனமுடையது. அதே உறவினர் நாற்பது பேரின் பெயர்களை ஒப்பித்தால் ஒவ்வொரு பெயரின் மதிப்பும் குறைந்துவிடும். பேஜ்ரேங்க் கணக்கும் அப்படியே: மதிப்புமிக்க பக்கத்திலிருந்து வரும் இணைப்பு மிகுதியான மதிப்பைக் கொணர்கிறது, ஒரு பக்கம் நான்கு பக்கங்களுக்கு இணைப்புத் தந்தால் அதன் மதிப்பு நான்காகப் பங்கிடப்படுகிறது. இன்று கூகுள் கருதும் பல அடையாளங்களுள் இணைப்பு ஒன்று மட்டுமே. பக்கம் திறக்கும் வேகம், கைப்பேசியில் படிக்கும் வசதி முதலியவையும் சேர்ந்துகொண்டன.

மதிப்பு எங்கு உண்டோ அங்கு போலியும் தோன்றும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தேடுசொற்களை மறைத்து வைத்தல், ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்து முறை திணித்தல், காசு கொடுத்து இணைப்புகளை வாங்குதல் ஆகியவை ஒரு காலத்தில் தொழிலாகவே நடந்தன. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வருகையாளருக்கு வேறொன்றையும் காட்டியதற்காக, 2006ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளத்தையே கூகுள் தன் அடைவிலிருந்து சிறிது காலம் நீக்கியது. பக்கத்தின் உள்ளே தேடுசொற்களைப் பட்டியலிடும் குறிச்சொல் வரியைத் தரவரிசைக்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று 2009இல் அறிவித்தது. 2011இல் 'பாண்டா' என்ற மாற்றத்தால் உள்ளீடற்ற பக்கங்களையும், 2012இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தால் போலி இணைப்புகளையும் கீழே தள்ளியது. இத்தகைய குறுக்கு வழிகளால் உகப்பாக்கம் முழுவதுமே ஏமாற்று வித்தை என்ற பெயர் பெற்றது வருந்தத்தக்கது. நூலுக்குப் பொருளடக்கமும் சொல்லடைவும் சேர்க்கும் பதிப்பாசிரியர் எவரையும் ஏமாற்றுவதில்லை.

தமிழுக்கு வேறொரு தடையும் உண்டு, அது எழுத்தைப் பற்றியது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண்ணைத் தரும் யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது என்றாலும், அதற்குப் பின்னரும் நெடுங்காலம் பல தளங்கள் தத்தமக்கென உருவாக்கிய எழுத்துருக்களிலேயே இயங்கின. அவற்றில் திரையில் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ ரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். அத்தகைய பக்கத்தை அடைவில் சேர்க்கும் நிரல் பொருளற்ற எழுத்துக் குவியலையே காண்கிறது. எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடுக்குக் கொணர்வதே அப்பக்கங்களுக்குச் செய்யத்தக்க முதல் உகப்பாக்கம். பழைய இதழ்களையும் நூல்களையும் வருடிப் படங்களாக ஏற்றும்போதும் இதே இழப்பு நேர்கிறது. எழுத்துணரி மென்பொருள்கள் இப்போது அச்சுத் தமிழைப் பெருமளவு படிக்கின்றன என்றாலும், பிழை திருத்த மனிதக் கண் தேவைப்படுகிறது. அந்த உழைப்புக்கு வாய்ப்பில்லாத இடத்தில், படத்தில் உள்ளது இன்ன இதழின் இன்ன ஆண்டுக் கட்டுரை என்பதை இரண்டு வரிகளில் மாற்றுரையாக எழுதிவைத்தாலும் அப்படம் அடைவில் ஏற வழி பிறக்கும்; பார்வையற்றோரின் திரைவாசிப்பான் உரக்கப் படித்துக்காட்டுவதும் அவ்விரண்டு வரிகளைத்தான்.